முதல் வரிசையில் ஓர் இடைவெளி

பிற்பகல் அசர் தொழுகை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஹாஜி ஸக்லூல் தன் இடது காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற மித்வல்லி அதைப் பார்த்துவிட்டார். பார்க்காமல் எப்படி இருப்பது? தொழுகையில் நிற்கிறவன் தலையைக் குனிந்து தரையைத்தான் பார்க்க வேண்டும். தரையில் இருப்பதோ கால்கள்தாம்.

"வரிசையைச் சேருங்க! தோளோட தோள், காலோட கால்! நடுவுல இடம் விட்டா ஷைத்தான் வந்து நின்னுக்குவான்!" என்று இமாம் ஷேக் பஸ்யூனி திரும்பி நின்று வழக்கம்போல் சத்தம் போட்டார்.

மித்வல்லி கீழ்ப்படிந்து தன் வலது காலை ஸக்லூல் பக்கம் நகர்த்தினார். ஸக்லூலின் கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. இவர் மறுபடி நகர்த்தினார். அது மறுபடி போனது. தொழுகை முடிந்தபோது இரண்டு பேருக்கும் நடுவில் ஷைத்தான் மட்டுமல்ல, அவன் மாமனார் மாமியாரும் வந்து பாய் விரிக்கலாம் என்கிற அளவுக்கு இடம் கிடந்தது.

எகிப்தின் தமன்ஹூர் ஊர்க் கடைத்தெருவில் மித்வல்லியின் மின்விசிறி பழுதுபார்க்கும் கடையும் ஸக்லூலின் ஊறுகாய்க் கடையும் எதிரெதிரே இருந்தன. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் முதல் வரிசையில் அடுத்தடுத்து நின்று தொழுகிறவர்கள். தொழுதுவிட்டுத் தேநீர்க் கடையில் தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுகிறவர்கள். அப்படிப்பட்ட மனுஷன் காலை இழுத்துக்கொண்டால் வலிக்காதா?

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மித்வல்லி தன் வலது காலை ஆராய்ந்தார். காரணம் கண்ணெதிரே இருந்தது. கட்டைவிரல் நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. பல மாதங்களாக அது அப்படித்தான் இருந்தது. சொத்தை நகத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? இப்போது கவலை வந்துவிட்டது. கோடையில் ரமலான் வருகிற வருஷம் அது. இன்னும் இரண்டரை மாதத்தில் தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை தொடங்கிவிடும். மாதம் முழுக்க, மணிக்கணக்காக, ஊரே பார்க்க, அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் நிற்பதா?

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?" என்று மனைவி இக்ராம் கதவைத் தட்டினாள்.

"காலைக் கழுவறேன்."

"இவ்வளவு நேரமா?"

"ரெண்டு கால் இருக்கில்ல!"

முதல் வைத்தியமாக நகத்தை வினிகரில் ஊறவைத்தார். மறுநாள் தொழுகையில் ஸக்லூல் மூக்கை உறிஞ்சினார். தன் கடை வாசனை பள்ளிவாசலுக்குள் எப்படி வந்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இன்னும் அரையடி தள்ளி நின்றார்.

இரண்டாவதாகக் காலுறை மாட்டினார். ஊரே வெந்து வடிகிற வெயிலில், குளிர்காலக் கம்பளிக் காலுறை. நகத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வெந்நீரில் போட்ட பயறு மாதிரி இன்னும் கொஞ்சம் உப்பியது. அது போகட்டும். அடுத்த வெள்ளிக்கிழமையே ஸக்லூலும் காலுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அதுவும் கறுப்புக் காலுறை.

மித்வல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. 'கேலி பண்றான். ஊரறிய என்னைக் கேலி பண்றான்!' அன்று அவர் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. ஸக்லூலும் வந்து கூப்பிடவில்லை.

கடைசியில் முனைத்தெரு மருந்துக்கடைக்குப் போனார். அங்கே டாக்டர் ஷாஹீர் இருந்தார். எங்கள் ஊரில் மருந்துக்கடைக்காரரும் டாக்டர்தான். நிஜ டாக்டரிடம் போனால் காத்திருக்க வேண்டும், சட்டையைக் கழற்ற வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் இந்த மூன்றுமே தேவையில்லை.

"டாக்டர், என் நண்பர் ஒருத்தருக்குக் கால் நகம் சொத்தையாயிருக்கு."

டாக்டர் ஷாஹீர் பெருமூச்சு விட்டார். "நண்பருக்கு. சரி. களிம்பெல்லாம் நகத்துக்குள்ள இறங்காது. மாத்திரைதான். தினம் ஒண்ணு, மூணு மாசம் சாப்பிடச் சொல்லுங்க. ஆனா உஸ்தா மித்வல்லி, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஈரலுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும். ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும். இந்த மாத்திரை சில பேருக்கு ஈரலைப் பதம் பார்த்துடும். பசி போனாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே நிறுத்திடணும். உங்க நண்பருக்குப் புரியுமில்ல?"

"அவரு ரொம்பப் புத்திசாலி" என்றார் மித்வல்லி.

'மூணு மாசம்' என்ற வார்த்தைக்குப் பிறகு அந்தப் புத்திசாலியின் காதில் எதுவும் விழவில்லை. ரமலானுக்குள் மூன்று மாசம் எங்கே இருக்கிறது? அவர் தன் தொழில் அறிவைக் கொண்டு யோசித்தார். விசிறியை ஒன்றில் வைத்தால் மெதுவாகச் சுற்றும். இரண்டில் வைத்தால் வேகமாகச் சுற்றும். மாத்திரை மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆரம்பித்தார்.

மாத்திரையை வீட்டில் எங்கே வைப்பது? கூடத்து மூலையில், சரிபண்ணுகிறேன் என்று அவர் வருஷக்கணக்கில் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய மேசை விசிறி ஒன்று கிடந்தது. அதன் மோட்டார் மூடிக்குள் ஒளித்துவைத்தார். உலகத்தில் எந்த மனைவியும் அதைத் தொடமாட்டாள் என்பது அவர் நம்பிக்கை. தொடமாட்டாள்தான். ஆனால் புருஷன் திடீரென்று காலையும் மாலையும் அந்த விசிறியின் முன் குனிந்து நிற்பதைப் பார்க்காமல் இருப்பாளா?

இக்ராம் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மனதுக்குள் கோத்துக்கொண்டே வந்தாள். வாசனைச் சோப்புப் போட்டுக் கால் கழுவுகிறார். புதுக் காலுறை வாங்குகிறார். தனியாக உட்கார்ந்து தன் பாதத்தைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். நகத்தின் அடியில் கடுகளவு நல்ல நகம் தெரிய ஆரம்பித்திருந்த சந்தோஷம் அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை சோறு அடைத்த புறா சமைத்தாள். மித்வல்லி அந்தப் புறாவுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டவர் என்று உறவுக்காரர்கள் சொல்வதுண்டு. அன்று தட்டைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றைப் புரட்டியது. தட்டைத் தள்ளிவைத்தார்.

"எனக்கு வேண்டாம்."

இக்ராமின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "வேண்டாமா? யார் வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தீங்க?"

"யார் வீட்டுலயும் இல்லம்மா. உடம்பு ஒரு மாதிரி அசதியா இருக்கு."

"இருக்கும், இருக்கும். இந்த வயசுல காலுக்குச் சோப்புப் போட்டா அசதியாத்தான் இருக்கும்."

அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளத் தெம்பும் இல்லை. உடம்பு வலித்தது, ராவும் பகலும் அரித்தது. தேநீர்க் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கினார். அதையும் விசிறிக் கணக்கில் இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார். நிலைமை இன்னும் மோசமானது. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்துக்கு வந்தது. வெயிலில் உழைத்தால் அப்படித்தான் போகும் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டார்.

பசியில்லை. அசதி. மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் நகம் வளர்ந்துகொண்டிருந்ததே! நகத்தைப் பார்த்தால் ஈரல் நினைவுக்கு வருமா?

ஒரு நாள் காலை, தேநீர்க் கோப்பையை நீட்டிய இக்ராம் அவர் முகத்தைப் பார்த்துக் கோப்பையோடு இரண்டடி பின்னால் போனாள்.

"யா அல்லாஹ்! கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கே! சி வைரஸ்!"

நைல் டெல்டாப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் ஊறியது. ஈரலைத் தின்கிற அந்த வைரஸுக்குச் சித்தப்பாவையோ மாமாவையோ கொடுக்காத குடும்பம் அங்கே குறைவு. கண் மஞ்சளானால் வேறு எதையும் யாரும் யோசிக்கமாட்டார்கள். மதியத்துக்குள் மித்வல்லிக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை, தனிக் கரண்டி, தனித் துண்டு எல்லாம் வந்துவிட்டன. படுக்கை கூடத்துச் சோபாவுக்கு மாறியது. இக்ராம் அவருக்குத் தேன் கொடுத்தாள், கரும்புச்சாறு கொடுத்தாள், எள் அல்வா கொடுத்தாள். காமாலைக்கு இனிப்புத்தான் மருந்து என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாளாம். ஆனால் எல்லாவற்றையும் கையை நீட்டி, தூரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே ஒதுங்கினாள். ஆனாலும் ஒதுங்கினாள்.

மித்வல்லிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பள்ளிவாசலில் ஓரடி இடைவெளி தாங்காமல் மாத்திரை தின்றவர் அவர். இப்போது அந்த இடைவெளி வீட்டுக்கே வந்து கூடத்தில் சோபா போட்டுப் படுத்துவிட்டது. எதிர்க் கடைக்காரன் ஸக்லூல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊறுகாய்க் கடை சில நாட்களாகவே பூட்டிக் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். 'என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு கடையையே பூட்டிட்டான்' என்று சோபாவில் புரண்டு படுத்தார்.

இக்ராம் அவரை இழுத்துக்கொண்டு ஈரல் டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டர் நிஹால் வயதில் சின்னவர், ஆனால் பார்வை கறார். லேபிலிருந்து வந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஏ இல்ல, பி இல்ல, சி இல்ல. எந்த வைரஸும் கிடையாது."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் இக்ராம். "அப்போ தட்டை இனிமே ஒண்ணாக் கழுவலாமா டாக்டர்?"

"சி வைரஸே இருந்தாலும் ஒண்ணாக் கழுவலாம்மா. அது தட்டுல பரவாது." டாக்டர் மித்வல்லி பக்கம் திரும்பினார். "ஆனா ஈரல் எரிஞ்சுக்கிட்டிருக்கு. ஈரல் என்சைம் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு கூட. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

மித்வல்லி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். மாத்திரை என்றால் நகம் வெளியே வரும். நகம் வந்தால் முதல் வரிசைக் கதை வரும். எதிர்க் கடைக்காரன் தன்னை அருவருத்து ஒதுக்கிவிட்டான் என்று பெண்டாட்டி முன்னால் எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"நாட்டு மருந்து? பச்சிலை?"

"ஊஹும்."

"இவரு எதையும் ஒளிக்கத் தெரியாத மனுஷன் டாக்டர்" என்றாள் இக்ராம். அவள் குரல் அவ்வளவு நன்றாக இல்லை.

டாக்டர் நிஹால் பேனாவைத் திறந்தார். "அப்படின்னா காரணம் தெரியல. ஊசி வெச்சுக் குத்தி, ஈரல்லேருந்து ஒரு துண்டு எடுத்துத்தான் பார்க்கணும்."

"எவ்வளவு பெரிய ஊசி?"

டாக்டர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

மித்வல்லி குனிந்து செருப்பைக் கழற்றினார், காலுறையை உருவினார், காலைத் தூக்கி டாக்டரின் மேசைமேல், பரிசோதனைத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். ஸக்லூலின் கால், ஷேக் பஸ்யூனியின் ஷைத்தான், வினிகர், காலுறை, ஒன்றில் வைக்க வேண்டிய விசிறியை இரண்டில் வைத்தது, மேசை விசிறி மோட்டார், காய்ச்சல் மாத்திரை என்று ஒன்று விடவில்லை.

இக்ராம் எழுந்து வந்து மேசைமேல் இருந்த காலைக் குனிந்து பார்த்தாள்.

"நகமா?" என்றாள் இக்ராம். "வெறும் நகமா?"

"ஆமாம்மா."

"அப்போ அந்த மூணாவது தெருத் தையல்காரி தௌலத்?"

"எந்த தௌலத்?"

இக்ராம் முக்காட்டு நுனியை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையானது, அழுகை மறுபடி சிரிப்பானது. "அட மனுஷா! இந்த நகம் இப்படி இருக்கிறது எனக்கு எப்பவோ தெரியுமே! ராத்திரி பூரா என் முழங்கால்ல உரசிக்கிட்டுக் கிடக்கிற நகம்! இதுக்கா ஈரலைப் பலி குடுத்தீங்க?"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிக்கிற விஷயம் இல்லம்மா. இந்த மாத்திரை லட்சம் பேர் சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா யாராவது ஒருத்தருக்கு ஈரலைத் தாக்கும். யாருன்னு முன்கூட்டித் தெரியாது. அதுக்குத்தான் டெஸ்ட் எடுக்கச் சொல்றது, அதுக்குத்தான் கண்ணு மஞ்சளானா நிறுத்தச் சொல்றது. இவரு என்னடான்னா ரெட்டிப்பா முழுங்கி, அது மேல காய்ச்சல் மாத்திரையையும் கொட்டியிருக்காரு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நான் எதுக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது."

மித்வல்லி காலை மேசையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. ஒரு நகத்துக்காக இக்ராமை விதவையாக்கியிருப்பேனே என்று நினைத்துக்கொண்டார்.

"இப்பவே நிறுத்துங்க. ரெண்டு மாத்திரையையும். ஈரல் ரொம்பப் பெருந்தன்மையானது, தொந்தரவு பண்றதை விட்டா பெரும்பாலும் தானே சரியாயிடும். வாரா வாரம் ரத்தம் குடுத்துப் பாருங்க. நகத்துக்கு மேல தடவற மருந்து தர்றேன், அது மெதுவாத்தான் வேலை செய்யும். ஆமா, அடுத்தவங்க செருப்பைப் போடற பழக்கம் உண்டா?"

"சே சே. பள்ளிவாசல்ல கைகால் கழுவி ஒளு செய்யற எடத்துல கட்டைச் செருப்புப் போடுவேன். அது அடுத்தவங்களோடது இல்ல, எல்லாரோடதும்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வேறு ஏதோ எழுதினார்.

அன்று சாயங்காலமே தனித் தட்டு அலமாரிக்குப் போனது. சோபா மறுபடி வெறும் சோபாவானது. சில நாட்களில் அரிப்பு அடங்கியது. பிறகு ஒரு காலை, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தபோது வயிறு புரட்டவில்லை, கூப்பிட்டது. இக்ராம் புறா சமைத்தாள். மித்வல்லி எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அவர் சாப்பிடுவதை அவள் பக்கத்திலேயே, முழங்கால் இடிக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று மித்வல்லிக்குத் தோன்றியது. மேசை விசிறியைக்கூட அன்று சரிபண்ணிவிட்டார். அதை இரண்டில் வைக்க மட்டும் மனசு வரவில்லை.

ஆனாலும் உள்ளே ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு நாள் படுத்துக் கிடந்தும் ஸக்லூல் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"இந்த ரமலானுக்கு நான் கடைசி வரிசையில நின்னுக்கறேன்" என்றார் இக்ராமிடம். "செருப்பு வைக்கிற எடத்துக்குப் பக்கத்துல. அங்க யாரும் யார் காலையும் பார்க்கமாட்டாங்க."

"நிக்கிறதுக்கு நீங்க இருக்கீங்களே, அதுவே எனக்குப் போதும்" என்றாள் இக்ராம்.

ரமலானுக்கு முந்தைய நாள், கடைசி ரத்தப் பரிசோதனைக்காக லேபுக்குப் போனார். ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுக்காக அறைக்கு வெளியே வந்து பெஞ்சில் உட்காரப் போனவர் அப்படியே நின்றார். பெஞ்சின் மறுகோடியில் ஹாஜி ஸக்லூல் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கறுப்புக் காலுறை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

திரும்பிப் போனால் ஓடினான் என்று நினைப்பான். மித்வல்லி இந்தக் கோடியில் உட்கார்ந்தார்.

"என்னப்பா மித்வல்லி" என்றார் ஸக்லூல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"என்ன ஹாஜி."

"ரொம்ப நாளா ஆளைக் காணோம்."

"உன் கடையுந்தான் பூட்டிக் கிடக்கு."

"அது, வெள்ளரிக்காய் வரத்து இல்ல." ஸக்லூல் தொண்டையைச் செருமினார். "நீ எதுக்கு இங்க?"

"சர்க்கரை பார்க்க. நோன்பு வருதில்ல. நீ?"

"நானும் சர்க்கரைதான்."

"உள்ளயும் கறுப்புக் கண்ணாடியா?"

"வெளிச்சம் கூசுது."

 மித்வல்லி தன் வலது காலைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். தற்செயலாகப் பார்த்தால், ஸக்லூலும் தன் இடது காலைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு இன்னும் கேலி போகவில்லையே என்று மித்வல்லிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு நேருக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று அவர் வாயைத் திறந்தபோது, ரத்தம் எடுக்கிற அறைக் கதவைப் பாதி திறந்து லேப் அம்மா இன்ஷிராஹ் எட்டிப்பார்த்தாள். அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"உஸ்தா மித்வல்லி, உங்க ஈரல் பழையபடி ஆயிடுச்சு, மபுரூக்! ஹாஜி ஸக்லூல், உங்களுக்கும் இறங்கிட்டு வருது, இனிமே அந்த நகத்து மாத்திரைப் பக்கமே போகாதீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், உங்க பள்ளிவாசல் முதல் வரிசையிலேருந்து ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து, 'என் சொத்தை நகம் பக்கத்துல நிக்கிறவருக்கு ஒட்டிடுமோன்னு காலை ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறேன், வெளிய சொல்லிடாதம்மா'ன்னு என் காதுல ஓதிட்டுப் போறீங்களே, உங்களுக்குள்ள பேசிக்கவே மாட்டீங்களா? கொஞ்சம் உக்காருங்க, உள்ள உங்க இமாம் பின்வாசல் வழியா வந்து சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, அவருக்கு ஊசி குத்திட்டு வந்துடறேன்."